காலியான கட்டடமும் காலி செய்யப்பட்ட வீடும்

போன மாதம் மூன்று கல்லூரி மாணவர்கள் என்னைப் பார்க்க வந்தார்கள். நாங்கள் நடத்தும் மாலை நேரப் படிப்பகத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருபவர்கள். கைவிடப்பட்ட கட்டடங்களைத் தேடிப் போய்ப் படம் எடுப்பது இப்போது இளைஞர்களிடம் ஒரு பழக்கமாகப் பரவியிருக்கிறது. ஓடாத தியேட்டர், மூடிய ஃபேக்டரி, ஷட்டர் இறங்கிய மால் என்று தேடுகிறார்கள். இவர்கள் மூவரும் ஒரு பறக்கும் ரயில் நிலையத்தின் ஆளில்லாத மேல் தளத்துக்கு ஏறியிருக்கிறார்கள். காவலர் பிடித்துவிட்டார்.

இருவருடைய கல்லூரி அட்டையைப் பார்த்துவிட்டு, "இங்கெல்லாம் வரக்கூடாதுப்பா, கீழே விழுந்தா யார் பதில் சொல்றது?" என்று சொல்லி விட்டுவிட்டார். மூன்றாவது தம்பியிடமும் அதே கல்லூரி அட்டைதான் இருந்தது. அவனிடம் மட்டும் இன்னொரு கேள்வி வந்தது. "வீடு எங்கே?" சொன்னான். "ஹவுசிங் போர்டா? பையைத் திற. இரும்பு ஏதாவது எடுத்தியா?"

பையில் ஒரு நோட்டும் தண்ணீர் பாட்டிலும் இருந்தன. நண்பர்கள் இருவரும் எதிர்த்துப் பேசியதால் அதோடு முடிந்தது. அந்தத் தம்பி என்னிடம் சொன்னது இதுதான்: "அக்கா, அவங்க படம் எடுக்கப் போனாங்க. நான் மட்டும் திருடப் போயிருக்கேன்."

அந்தக் காவலர் மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை. ஒப்பந்த வேலை, 12 மணி நேர டியூட்டி. அவர் ஊரையும் தெருவையும் விசாரித்தால் அவரும் நம் சனமாகவே இருக்கலாம். காலியாகக் கிடக்கும் ஓர் இடத்தில்கூட யாருக்கு நிற்க உரிமை உண்டு, யாருக்கு இல்லை என்பதை முகவரி முடிவு செய்கிறது. அந்த முகவரியைச் சாதி முடிவு செய்கிறது. இதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

ராஜா அண்ணாமலைபுரத்தை எடுத்துக்கொள்வோம். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் பெயரால் அமைந்த பகுதி. ஒரு பக்கம் நிழல் மரங்கள், பெரிய பங்களாக்கள், அமைச்சர்கள் குடியிருக்கும் பசுமைவழிச் சாலை. இன்னொரு பக்கம் பக்கிங்காம் கால்வாய். அந்தக் கால்வாயின் மேலேயே தூண்களை இறக்கிக் கட்டியதுதான் பறக்கும் ரயில். கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை 1995-இல் ஓடத் தொடங்கியது. 1997-இல் திருமயிலைக்கு வந்தது. மந்தைவெளி, பசுமைவழிச் சாலை நிலையங்கள் வழியாகத் திருவான்மியூர் போனது 2004-இல். வேளச்சேரியைத் தொட்டது 2007-இல்.

இந்த நிலையங்களுக்குள் போனவர்களுக்குத் தெரியும். ரயில் ஏற நூறு பேர் வரும் இடத்தில் ஆயிரம் பேர் நிற்கும் அளவுக்கு மண்டபம். கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் வாடகைக்கு விடலாம் என்ற கணக்கில் எழுப்பிய தளங்கள். வாடகைக்கு வருவார்கள் என்று நினைத்தவர்கள் வரவில்லை. பல நிலையங்களில் அந்தத் தளங்களின் பெரும்பகுதி புறாக்களுக்கும் தூசிக்கும்தான் பயன்படுகிறது. திறக்காமலே செத்துப்போன மால் என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

நான் ரயிலை எதிர்க்கவில்லை. 5 ரூபாய் டிக்கெட்டில் நம் அம்மாக்கள் வீட்டு வேலைக்குப் போவது இதில்தான். என் கேள்வி கால்வாயைப் பற்றியது. நீரோட்டத்தின் நடுவே தூண்களை நிறுத்தியது அரசு. கால்வாய்க்கு மேல் கான்கிரீட் தளம் போட்டது அரசு. அதற்குப் பெயர் 'வளர்ச்சித் திட்டம்'. அதே கால்வாயின் கரையில் தகரமும் செங்கல்லும் வைத்து ஒரு குடும்பம் வீடு கட்டினால் அதற்குப் பெயர் 'ஆக்கிரமிப்பு'.

2022 மே மாதம் இந்த ராஜா அண்ணாமலைபுரத்தில், கோவிந்தசாமி நகரில் என்ன நடந்தது என்பது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். நீதிமன்ற உத்தரவின் பேரில் என்று சொல்லி, கால்வாய்க் கரையில் பல பத்தாண்டுகளாக வாழ்ந்த மக்களின் வீடுகளை போலீஸ் பாதுகாப்போடு வந்து இடித்தார்கள். ஆண்டு இறுதித் தேர்வுக் காலம். பிள்ளைகள் இடிபாட்டில் புத்தகத்தைத் தேடினார்கள். மே 8 அன்று, இடிப்பதை எதிர்த்து அங்கே வாழ்ந்த பெரியவர் ஒருவர் தன் உடலில் தீ வைத்துக்கொண்டார். மறுநாள் இறந்துபோனார். அதன் பிறகுதான் மயிலாப்பூர், மந்தைவெளிப் பகுதியிலேயே வீடு தருவோம் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். இருந்த இடத்துக்கு அருகிலேயே வீடு வேண்டும் என்று மக்கள் அதற்கு முன்பே கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் குரல் கேட்பதற்கு ஓர் உயிர் போக வேண்டியிருந்தது.

அதுவரை அவர்களுக்குக் காட்டப்பட்ட இடம் பெரும்பாக்கம். ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தள்ளி, எட்டு மாடிக் கட்டடங்களில் 20,000-க்கும் மேற்பட்ட வீடுகள். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஒவ்வொரு முறையும் நகரத்தின் விளிம்புக்கே தள்ளுகிறார்கள். சுனாமி வந்தாலும் தள்ளினார்கள், 2015 வெள்ளம் வந்தாலும் தள்ளினார்கள். 1970-இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது, குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டித் தருவதுதான் கொள்கையாக இருந்தது. மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும் இன்று நிற்கும் பழைய ஹவுசிங் போர்டுகளே அதற்குச் சாட்சி. 2021-இல் வாரியத்தின் பெயர் 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' ஆனது. நகர்ப்புறம் என்ற சொல் பெயரில் வந்துவிட்டது. மக்கள்தான் நகரத்துக்குள் இல்லை.

இந்தக் கால்வாயின் கதையையும் தெரிந்துகொள்ளுங்கள். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி, அதாவது இந்தப் பக்கம் ஓடும் பகுதி, 1877-78 தாது வருஷப் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. பசியால் ஊரைவிட்டு ஓடி வந்த ஏழைகள், கூலிக்கும் கஞ்சிக்கும் மண் சுமந்து வெட்டினார்கள். நிலமில்லாத ஒடுக்கப்பட்ட சாதிகளைத்தான் அந்தப் பஞ்சம் முதலில் தாக்கியது. கால்வாய்க்கு மட்டும் அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர். வெட்டியவர்களின் பெயர் எங்கேயும் இல்லை. அப்படிப்பட்ட கரையில் யார் ஆக்கிரமிப்பாளர் என்று கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு.

இனி மால்களுக்கு வருவோம். அண்ணா சாலையில் ஸ்பென்சர் பிளாசா 1990-களில் இந்த நகரத்தின் பெருமை. 1983 தீ விபத்தில் அழிந்த பழைய ஸ்பென்சர் கட்டடத்தின் இடத்தில் எழுந்தது. 2006-இல் ராதாகிருஷ்ணன் சாலையில் சிட்டி சென்டர் வந்தது. 2010-இல் எக்ஸ்பிரஸ் அவென்யூ, 2013-இல் வேளச்சேரியில் பீனிக்ஸ். ஒவ்வொரு புது மாலும் பழையதிலிருந்து கூட்டத்தை இழுத்துக்கொண்டது. பிறகு கைபேசியிலேயே கடை வந்துவிட்டது. இன்று ஸ்பென்சரில் நடந்தால் வரிசையாக இறங்கிய ஷட்டர்களைப் பார்க்கலாம். அதைப் பார்த்து நம் நண்பர்கள் பழைய நினைவுகளை எழுதுகிறார்கள். முதல் முதலாக எஸ்கலேட்டர் ஏறியது, கேசட் வாங்கியது, காதலியோடு நடந்தது.

எழுதட்டும், தவறில்லை. ஆனால் நம் தெருவில் மாலைப் பற்றிய நினைவு வேறு. எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் ஒரு மாலில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்த்தார். ஒன்பது வருடம். வாடிக்கையாளர்கள் போகும் கழிவறையைக் கழுவுவார், அவர் அதைப் பயன்படுத்தக் கூடாது. லிஃப்டில் ஏறக்கூடாது, பின்பக்கப் படிக்கட்டுதான். கடைகள் ஒவ்வொன்றாக மூடியபோது ஒப்பந்ததாரர் ஆட்களைக் குறைத்தார். முதலில் போனவர்களில் அவரும் ஒருவர். கடைக்காரருக்கு முன்பணம் திரும்பி வந்தது. மேலாளர் வேறு மாலுக்குப் போனார். அக்காவுக்கு ஒரு நாள் காலையில் போனில் சொன்னார்கள், 'நாளையிலிருந்து வர வேண்டாம்' என்று. பணிக்கொடை கேட்கலாம் என்றால், ஒன்பது வருடத்தில் நான்கு ஒப்பந்ததாரர் மாறியிருந்தார்கள். யாரிடம் கேட்பது?

மால் திறந்திருக்கும்போது அந்த அக்கா யார் கண்ணுக்கும் தெரியவில்லை. மால் காலியானதைப் பற்றி எழுதும்போதும் அவர் தெரியவில்லை. படத்தில் ஷட்டர் இருக்கிறது, தூசி இருக்கிறது, அந்தத் தரையை ஒன்பது வருடம் துடைத்தவர் இல்லை.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டுமில்லை. அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்தின் பாழடைந்த கட்டடங்கள் உலகப் புகழ் பெற்றவை. 1988-இல் மூடப்பட்ட மிச்சிகன் சென்ட்ரல் ரயில் நிலையத்தைப் படம் எடுக்காத ஆளில்லை. அந்தப் படங்களைப் பார்த்தால் நகரமே காலி என்று தோன்றும். 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது அங்கே 7 லட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தார்கள். அவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கும் மேல் கறுப்பின மக்கள். வெள்ளையர்கள் புறநகருக்குப் போனதும் முதலீடும் வேலையும் கூடவே போய்விட்டன. இருந்தவர்களைப் படத்திலிருந்தும் எடுத்துவிட்டார்கள். பிறகு ஃபோர்டு நிறுவனம் அந்த நிலையத்தை வாங்கிப் புதுப்பித்து 2024-இல் திறந்தது. 'யாருமே இல்லாத இடம்' என்று முதலில் சொல்வார்கள். 'அப்படியானால் நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்' என்பது அடுத்து வரும். பெரும்பாக்கத்துக்கு லாரி ஏறிய நம் மக்களுக்கு இந்த வரிசை தெரியும்.

அண்ணல் அம்பேத்கரை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1917-இல் கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குப் போகிறார். தங்க இடம் கிடைக்கவில்லை. கடைசியில் ஆட்கள் அதிகம் வராத ஒரு பார்சி விடுதியில், பார்சிப் பெயரைச் சொல்லி, நாளுக்கு ஒன்றரை ரூபாய் வாடகைக்குத் தங்குகிறார். உடைந்த நாற்காலியும் பலகையும் குவிந்த பெரிய கூடம், மின்விளக்கு இல்லை, வௌவால்கள் பறக்கின்றன. அந்த இருட்டில் தனியாக இருந்ததைத் தன் வாழ்க்கைக் குறிப்புகளில் அவரே எழுதியிருக்கிறார். யாருக்கும் வேண்டாத அந்தக் கட்டடத்தில்கூட அவரை இருக்க விடவில்லை. பதினோராவது நாள் தடியோடு ஒரு கூட்டம் வந்து வெளியேறச் சொன்னது. பம்பாய் ரயில் வரும்வரை ஒரு பொதுப் பூங்காவில் உட்கார்ந்திருந்தார்.

நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. நம் தம்பியிடம் கேட்ட கேள்வியும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்: நீ யார், இங்கே உனக்கு என்ன வேலை?

ஆகவே தோழர்களே, படம் எடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எடுங்கள். எடுப்பதோடு நிறுத்த வேண்டாம். 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. தெற்கு ரயில்வேயிடம் கேட்போம்: திருமயிலை, மந்தைவெளி, பசுமைவழிச் சாலை நிலையங்களில் எத்தனை சதுர அடி காலியாக இருக்கிறது, எத்தனை ஆண்டுகளாக, அதைக் காவல் காக்க எவ்வளவு செலவு? வாழ்விட வாரியத்திடம் கேட்போம்: இதே கால்வாய்க் கரையில் எத்தனை குடும்பங்கள் அகற்றப்பட்டன, எத்தனை கிலோமீட்டர் தள்ளி, எத்தனை பேருக்குச் சொன்னபடி மயிலாப்பூர்ப் பகுதியில் வீடு கிடைத்தது? இரண்டு பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படத்தோடு வெளியிடுவோம்.

பறக்கும் ரயிலைச் சென்னை மெட்ரோவோடு சேர்க்கும் பேச்சு பல ஆண்டுகளாக நடக்கிறது. அது நடக்கும்போது இந்தக் காலித் தளங்களுக்கு மறுபடி விலை வரும். காபிக் கடையும் துணிக்கடையும் வரிசையில் நிற்கும். அதற்கு முன் நம் கோரிக்கை எழுத்தில் இருக்க வேண்டும். பொதுப் பணத்தில், பொது நீர்நிலையின் மேல் கட்டிய இடத்தில் ஒரு பங்கு அந்தக் கரையின் மக்களுக்கு வேண்டும். இரவு பத்து மணி வரை விளக்கெரியும் படிப்பகம், வேலைக்குப் போகும் பெண்களின் பிள்ளைகளுக்குக் காப்பகம், நடைபாதை வியாபாரிகளுக்குக் குறைந்த வாடகையில் கடை. இதில் எதுவும் நடக்காத காரியம் இல்லை. தளம் இருக்கிறது, கூரை இருக்கிறது, மின் இணைப்பு இருக்கிறது.

அந்தத் தம்பி அடுத்த முறை அந்தப் படிக்கட்டில் ஏறும்போது பையில் புத்தகம் இருக்கட்டும். மேலே அவன் உட்கார்ந்து படிக்க ஒரு மேசை இருக்கட்டும். விண்ணப்பத்தை வரும் ஞாயிற்றுக்கிழமை படிப்பகத்தில் சேர்ந்து எழுதுகிறோம். வர முடிந்தவர்கள் வாருங்கள்.

ஜெய் பீம்.