முழுமையும் படியெடுக்க!

திருவண்ணாமலைத் திருக்கோயிலின் சுவர்களில் சோழரும் காடவரும் ஒய்சளரும் சம்புவராயரும் விசயநகர வேந்தரும் விட்டுச் சென்ற கல்வெட்டுகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. கல்லில் எழுதியது நிலைக்கும் என்பது மாந்தர் நம்பிக்கை. ஆயின் கற்சுவரும் ஒருநாள் பிரிக்கப்படும். அன்று அந்த எழுத்து என்னாவது?

இவ்வினாவுக்குத் தமிழன் ஆயிரம் ஆண்டுகட்கு முன்பே செயலால் விடை கூறினான். திருமழபாடிக் கோயிலின் நடுத்தளியைப் பிரித்துப் புதிதாய்க் கட்ட வேண்டும் என்று முதலாம் இராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழக் கி.பி. 1012இல், ஆணையிட்டான். இடிக்கும் முன்னே சுவரிலுள்ள கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுக்க வேண்டும் என்பதும் அவ்வாணையில் அடங்கும். தளி எழுந்த பின், அவன் மகன் இராசேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில், புத்தகத்திலிருந்த எழுத்துகள் புதிய சுவரில் மீண்டும் வெட்டப்பட்டன. முதலில் படி, பின்னரே இடிப்பு, இறுதியில் உரிய இடத்தில் மீட்பு. இம்மூன்றும் வரிசை பிறழாமல் நடந்தமையால்தான் அப்பழங்கொடைகள் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன.

இன்றைய தமிழனின் கற்சுவர் கணிப்பொறியின் வன்தட்டு. அவன் எழுதிய நூலும் தொகுத்த சொற்பட்டியும் நிலத்தின் ஆவணமும் குடும்பத்தின் படங்களும் அதனுள்ளேதான் உறைகின்றன. அத்தட்டு சுழன்று சுழன்று தேய்கிறது; ஒருநாள் நின்று போகிறது. எனவே பழைய தட்டைக் கழற்றிவிட்டு, எசு.எசு.டி. என்னும் திண்மநிலை வட்டைப் பூட்டும் வேலை இன்று சிற்றூர்க் கடைகளிலும் நடைபெறுகிறது. நல்லதே. ஆயின் அவ்வேலையில் திருமழபாடியின் ஒழுங்கு இருக்கிறதா என்பதே வினா.

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு பள்ளி, கல்லூரி மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. திருவண்ணாமலை மாவட்டத்துப் பிள்ளைகளும் அவற்றைப் பெற்றனர். அம்மடிக்கணினிகளில் இயங்குதளங்கள் இரண்டு இருந்தன. ஒன்று, மைக்ரோசாப்டு நிறுவனத்தின் விண்டோசு. மற்றொன்று, சிடாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாசு இலினக்சு. ஒரே தட்டில் இரண்டும் தனித்தனிப் பிரிவுகளில் வாழும். பொறியை இயக்கியவுடன் எது வேண்டும் என்று திரை கேட்கும். இரட்டைத் தொடக்கம் என்பது இதுவே.

இத்தகைய தட்டு மாற்றத்திற்கு வரும்போது பெரும்பாலும் நிகழ்வது யாது? விண்டோசுப் பிரிவு மட்டும் படியெடுக்கப்படுகிறது. மற்றது ‘யாரும் பயன்படுத்தாதது, இடத்தை அடைப்பது’ என்று உதறப்படுகிறது. உடையவனைக் கேட்பதுமில்லை. அப்பிரிவில் அவன் ஐந்தாண்டுகள் தட்டெழுதிய தமிழ்க் கோப்புகள் இருக்கலாம் என்று எண்ணுவாருமில்லை. விண்டோசின் கண்ணுக்கு இலினக்சுப் பிரிவு வெற்றிடமாகவே தோன்றும். பழைய தட்டை வெளியிலிருந்து இணைத்தால், ‘பயன்படுத்தும் முன் வடிவமைக்க வேண்டும்’ என்றுகூட அது கேட்கும். அறியாது ‘ஆம்’ என்று ஒரு விரல் அழுத்தினால் ஆண்டுகளின் உழைப்பு கண்மறைந்து போகும்.

வேடிக்கை இன்னொன்று உண்டு. இலினக்சை உதறியவன் விண்டோசையும் இழக்கக்கூடும். பழைய முறைத் தட்டின் முதல் 512 பைட்டுகளே அதன் தலை. அதில் 446 பைட்டுகள் தொடக்க நிரல். 64 பைட்டுகள் பிரிவுகளின் அட்டவணை. எஞ்சிய 2 பைட்டுகள் முத்திரை. இரட்டைத் தொடக்கத் தட்டில் அந்நிரல் இலினக்சு தந்த கிரப் என்னும் ஏற்றியாக இருக்கும். அதன் உடற்பகுதியோ இலினக்சுப் பிரிவினுள் இருக்கும். தலையைப் படியெடுத்து உடலை எறிந்தால், திரை கறுத்து நிற்கும். எந்தத் தளமும் எழாது. பாதியைக் காக்கப் புகுந்தவன் முழுமையையும் இழப்பான்.

‘பயன்படாததைச் சுமப்பானேன்?’ என்பாருளர். உடையவன் அறிந்து வேண்டாவென்றால் அஃது அவன் உரிமை. அவன் அறியாமல் பிறன் முடிவெடுப்பதே பிழை. மேலும், பயன்படாதது எது? 2025 அக்டோபர் 14 உடன் விண்டோசு 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் பேணல் முடிந்தது. பழைய பொறிகள் பல விண்டோசு 11-ஐ ஏற்கும் தகுதியற்றவை. அவை இனியும் வாழ வேண்டுமாயின், புதிய பதிப்புக்கு உயர்த்தப்பட்ட இலினக்சே வழி. எறியப்படுவது குப்பை அன்று, நாளைய வாழ்வு. விண்டோசும் தமிழ் முகம் காட்டும் என்பது உண்மையே. ஆயின் அதன் மூல நிரலைத் திறந்து பார்க்கவும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் தமிழனுக்கு உரிமையில்லை. இலினக்சில் அவ்வுரிமை உண்டு. தமிழார்வலர் பலர் ஊதியம் கருதாது அதன் சொற்களைத் தமிழாக்கியமை அவ்வுரிமையின் பயனே.

முழுமையாய்ப் படியெடுப்பது அரிய கலையன்று. தைவான் நாட்டின் தேசிய உயர்செயல் கணிப்பு நடுவம் உருவாக்கிய குளோன்சில்லா என்னும் கருவி விலையின்றிக் கிடைக்கிறது. கடைக்காரர் பென்டிரைவ் என்னும் விரலியிலிருந்தே அதனை இயக்கலாம். அஃது இரு தளங்களின் பிரிவுகளையும் அறியும். எழுத்துள்ள இடங்களை மட்டும் படியெடுத்து நேரம் மிச்சப்படுத்தும். தட்டு பழுதுற்று முனகத் தொடங்கியிருந்தால் ‘டிடிரெசுக்யூ’ என்னும் கருவி வேண்டும். அது நல்ல பகுதிகளை முதலில் மீட்டு, கெட்ட பகுதிகளைப் பின்னர் மீண்டும் மீண்டும் முயலும்.

செய்வோர் கருத வேண்டியவை சில. விண்டோசை அரைத்துயிலில் விடாது முற்றாக நிறுத்துக. விரைவுத் தொடக்கம் என்னும் வசதியை முன்னரே அணைத்து வைக்க. புதிய வட்டு பழையதினும் சிறிதாகாமை பார்க்க. 500 கிகாபைட்டு என்று எழுதிய இரண்டு வட்டுகள் அளவில் சிறிது வேறுபடுவதுண்டு. எது மூலம், எது படி என்பதை ஒருமுறைக்கு இருமுறை உறுதி செய்க. திசை மாறினால் வெற்று வட்டு எழுத்துள்ள தட்டை விழுங்கிவிடும். படியெடுத்தபின் பழையதைக் கழற்றிவிட்டே புதியதை இயக்குக. இரண்டும் ஒரே அடையாள எண்ணைத் தாங்கியிருப்பதால் பொறி மயங்கும். விண்டோசும் எழ வேண்டும், இலினக்சும் எழ வேண்டும். இரண்டிலும் கோப்புகளைத் திறந்து பார்த்த பின்னரே வேலை முடிந்தது என்க. பழைய தட்டை ஒரு திங்களேனும் அழியாது வைத்திருக்க.

தமிழினம் படியெடுக்காமையின் விலையை முன்பே கொடுத்திருக்கிறது. பழைய ஏடுகள் ஆற்றில் விடப்பட்டதையும் தீயில் இடப்பட்டதையும் உ.வே. சாமிநாதர் தம் வாழ்க்கை வரலாற்றில் நெஞ்சம் நொந்து எழுதினார். ஏடு அழிந்தது செல்லால் மட்டுமன்று. ‘இதனால் என்ன பயன்?’ என்ற கேள்வியாலும் அழிந்தது. இன்று அதே கேள்வி வன்தட்டின் முன் எழுகிறது. மறுமொழி கூற வேண்டியவன் கடைக்காரன் அல்லன், தட்டுக்கு உடையவனே.

கார்த்திகை விளக்கீட்டில் ஒரு சுடரினின்று மறு சுடர் ஏற்றப்படுகிறது; முதற்சுடர் குறைவதில்லை, பின்னது பாதியாய் எரிவதுமில்லை. அம்மலையடியில் வாழும் தமிழர்க்கு இதனைப் பிறர் வந்து கற்பிக்க வேண்டுமா? தம் தட்டில் என்ன உள்ளது என்பதை முதலில் அறிக. கடைக்கு ஏகும்போது ‘இரண்டையும் எடு’ என்று வாய்திறந்து கூறுக. இயலுமாயின் தாமே செய்யக் கற்று அண்டை வீட்டார்க்கும் செய்து தருக. இடிக்கும் முன் எழுதிவைத்த இனம், எழுதிவைக்காமல் இடிக்கும் இனமாக மாறலாகாது!