படம் வாங்காத திரை

விடுமுறைக்கு வந்த பேரன் தன் விளையாட்டுப் பெட்டியையும் கொண்டுவந்திருந்தான். எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியோ மாலை ஆறு மணிக்கு மேல் பாட்டியின் சொத்து. "தாத்தா, உங்க டேப்லெட்டைக் குடுங்க, அதுல மாட்டிக்கிறேன்" என்றான். நியாயமான யோசனைதானே! பெட்டியின் எச்.டி.எம்.ஐ.க்கும் டேப்லெட்டின் யு.எஸ்.பி.-சிக்கும் பொருந்தும் கேபிள் ஒன்றை வாங்கி மாட்டினோம். திரை இருட்டாகவே கிடந்தது.

விசாரித்தால், அந்தத் துளை வழியே படம் வெளியே போகுமாம், உள்ளே வராதாம். தபால் அனுப்ப ஆள் உண்டு, வாங்க ஆள் இல்லை. இப்படியோர் ஆபீஸை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை.

படம் உள்ளே வர 'கேப்சர் கார்டு' என்று தனியாக ஒன்று வாங்க வேண்டும். அதற்கு ஓர் ஆப் வேறு. அத்தனையும் செய்தாலும் பொத்தானை அழுத்திய பிறகு சற்றுத் தாமதித்துத்தான் திரையில் ஆள் குதிப்பான்.

முடியாத காரியம் என்று யாரும் சமாதானம் சொல்ல வேண்டாம். 2021-இல் வந்த லெனோவோ யோகா டேப் 13-இல் எச்.டி.எம்.ஐ. படத்தை உள்ளே வாங்கவே ஒரு துளை வைத்தார்கள். ஆக, வழி இருக்கிறது. மற்றவர்களுக்கு மனம் இல்லை. ஒரே திரை இரண்டு வேலை பார்த்தால் இரண்டாவது திரையை யார் வாங்குவார்கள்?

அட்டைப் பெட்டியின் மேல் பிக்சல் கணக்கெல்லாம் அச்சடிக்கிறார்கள். 'படம் உள்ளே வராது' என்று ஒரு வரி அச்சடித்தால் என்ன கேடு? அதுவரை, வாங்கும் முன் கடைக்காரரிடம் நீங்களே கேட்டுவிடுங்கள்.

பேரன் பாட்டியின் சீரியல் முடியக் காத்திருக்கிறான்.