கொல்லைப்புறத்துக் குருமார்கள்

தமிழ் மரபு ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்திருக்கிறது. அவற்றுள் ஆனியும் ஆடியும் முதுவேனில். ஆவணியும் புரட்டாசியும் கார்காலம். ஆடி நிறைந்து ஆவணி பிறக்கும் இந்நாள்களில் வேனில் விடைபெறுகிறது. பஞ்சாங்கம் அதை ஒரே வரியில் சொல்லிவிடும். வீட்டின் கொல்லைப்புறமோ நாள்தோறும் சிறிது சிறிதாகச் சொல்லும். சித்திரையிலிருந்து ஓயாது கூவிய குயிலின் குரல் அடங்கத் தொடங்குகிறது. வேம்பின் அடியில் கனிந்து உதிர்ந்த பழங்கள் குறைந்து வருகின்றன. மாலை வேளையில் தட்டான்கள் கூட்டமாகத் தாழப் பறக்கின்றன.

இவற்றைக் கண்டிருப்பது வெறும் பொழுதுபோக்கன்று. ஸ்ரீமத் பாகவதத்தின் பதினோராம் ஸ்கந்தத்தில் கண்ணபிரான் உத்தவருக்கு ஓர் அவதூதரின் வரலாற்றை உரைக்கிறார். உடைமை ஏதுமின்றி ஆனந்தமாகத் திரிவது எங்ஙனம் என யது மன்னன் வினவ, தமக்கு 24 குருமார்கள் உண்டென்றார் அவதூதர். மண், காற்று, நீர், கதிரவன், தேனீ, சிலந்தி என அவர் அடுக்கிய ஆசிரியர்களுள் பெரும்பாலோர் ஏட்டைத் தொட்டறியாதவர்கள். வேனில் முடியும் வேளையில் அவர்களுள் மூவர் கொல்லைப்புறத்திற்கே வந்து பாடம் நடத்துகிறார்கள்.

முதலாமவர் கதிரவன். சென்னையில் ஆண்டுக்கு இருமுறை நண்பகற் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறான்: ஏப்ரல் 24ஆம் நாளை ஒட்டி ஒருமுறை, ஆகஸ்டு 18ஆம் நாளை ஒட்டி மறுமுறை. இடைப்பட்ட மாதங்களில் துளசி மாடத்தின் நண்பகல் நிழல் தெற்கே விழும். ஆவணி பிறந்ததும் ஒருநாள், பகல் 12.15 மணியளவில், அந்நிழல் மாடத்தின் காலடியிலேயே ஒடுங்கிவிடும். பின்னர் மார்கழி வரை நாளுக்கு நாள் வடக்கே நீளும். தஞ்சை, மதுரை எனத் தெற்கே செல்லச் செல்ல அந்நாள் சில தினங்கள் பிந்தி வரும். தட்சிணாயனம் என்பது சங்கல்பத்தில் சொல்லும் சொல் மட்டுமன்று. துளசி மாடத்தருகே நின்று கண்ணாரக் காணத்தக்கது.

வேனிலில் நீரை உறிஞ்சும் கதிரவன் அதைத் தனக்கென வைத்துக்கொள்வதில்லை. உரிய காலத்தில் மழையாகத் திருப்பித் தருகிறான். கொள்வதிலும் கொடுப்பதிலும் பற்றற்றிருக்க அவனிடம் கற்றதாக அவதூதர் கூறுகிறார். வாழ்நாளெல்லாம் சேர்த்ததைப் பிள்ளைகளுக்குப் பகிர்ந்தளிக்கும் வயதினர்க்கு இப்பாடம் மிக அணுக்கமானது.

இரண்டாமவர் காற்று. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையின் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலையின் அப்புறத்திலேயே பொழிந்துவிடுகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகவும் மலைகளைத் தாண்டியும் தமிழகத்திற்கு வருவது பெரும்பாலும் வறண்ட வேகமே. கொடியில் உலர்த்திய வேட்டியை அடுத்த வீட்டில் சேர்க்கும் ஆடிக்காற்று அதுதான். ஆவணியில் அவ்வேகம் தணிகிறது. பகலில் புழுக்கம் மிகுகிறது. மாலையில் மேற்கு வானம் கறுத்து இடியுடன் மழை இறங்குகிறது. மல்லிகைப் பந்தலையும் மாட்டுக் கொட்டிலையும் காற்று ஒருசேரக் கடந்து செல்கிறது. மணம் அதனுடன் சிறிது தூரம் வருவதுண்டு. ஆனால் மணம் காற்றின் இயல்பாவதில்லை. புகழ்ச்சியும் இகழ்ச்சியும் தம்மைக் கடந்து போக விடுவதற்கு அவதூதர் காற்றிடமே கற்றார்.

மூன்றாமவர் மண். மிதித்தாலும் வெட்டினாலும் பொறுப்பதால் மண்ணைக் குருவாகக் கொண்ட அவர், மண்ணில் வேரூன்றிய மரத்திடம் பிறர்க்கென வாழ்தலைக் கற்றார். கொல்லை வேம்பு அதற்குச் சான்று. காகமும் மைனாவும் கனியின் சதையைத் தின்று கொட்டையை உதிர்த்துச் செல்கின்றன. வேப்பங்கொட்டையின் முளைப்புத்திறன் நெடுநாள் நிற்பதில்லை. சில வாரங்களிலேயே குன்றிவிடும். ஆயினும் அது விழும் காலமும் மழை தொடங்கும் காலமும் பொருந்தி அமைந்திருக்கின்றன. ஈரமண் கிடைத்த கொட்டை இரண்டிலை விடுகிறது. அம்மனுக்கு அடுத்த தலைமுறையும் வேப்பிலை சாத்த வழி பிறக்கிறது.

கொட்டை சிமெந்துத் தளத்தில் விழுந்தால் அவ்வழி அடைபடும். இன்று பல வீடுகளில் வண்டி நிறுத்தவும், சேறு படாமலிருக்கவும் கொல்லையை முழுவதும் சிமெந்தால் மூடிவிடுகிறார்கள். மழைநீர் கிணற்றைச் சேராமல் தெருச் சாக்கடைக்கு ஓடுகிறது. பெரியோர் வழுக்கி விழக்கூடாதே என்ற அக்கறையும் பிள்ளைகளின் எண்ணத்தில் உண்டு. அதைக் குறை கூறலாகாது. நடக்கும் வழிக்குத் தளம் இருக்கட்டும். துளசி மாடத்தைச் சுற்றியும் மரத்தடியிலும் மண் மண்ணாகவே இருக்கட்டும் என்று வீட்டுப் பெரியவர் ஒரு சொல் சொன்னால், பெரும்பாலும் அச்சொல் நிற்கும். அதைச் சொல்லும் உரிமையும் கடமையும் அவருடையதே.

முழங்கால் வலியால் கோயிற் பிராகாரத்தை வலம்வர இயலாதவர்க்கும் கொல்லைப்புறத் திண்ணை எட்டிவிடும் தூரமே. ஆவணி முதல் வாரத்தில் பேரனையோ பேத்தியையோ அருகழைத்து, நண்பகலில் மாடத்து நிழலின் நுனியில் கோலமாவால் ஒரு புள்ளி வைக்கச் சொல்லலாம். மறுவாரம் நிழல் எங்குச் சென்றது என்று அக்குழந்தையே தேடிப் பார்க்கும். அவதூதரின் கதையைச் சொல்ல அதைவிட நல்ல தருணம் வாய்க்காது.