பணிப்பாளர் யாருக்குப் பொறுப்பு?

சப்பிரகமுவ மாகாணக் கல்விப் பணிப்பாளர் மக்கள் தேர்ந்தெடுத்தவர் அல்லர், நியமனம் பெற்றவர். அது குற்றமன்று. கல்வித் துறையின் தேர்ச்சி வாக்குப் பெட்டியில் அளக்கப்படுவதன்று. ஆயின், நியமனம் பெற்றவரைக் கேள்வி கேட்க மக்கள் சபை ஒன்று வேண்டாமா?

1907ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டப் பிள்ளைகளின் கல்வியைத் துரைமாரிடம் விட்டது. துரைக்கு வேண்டியது கொழுந்து, எழுத்தன்று. 1945இல் நாட்டிற்கு இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பள்ளிகள் ஒதுங்கியே நின்றன. 1970களிலேதான் அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. 1987இல் வந்த 13ஆவது திருத்தம், தேசியப் பாடசாலைகள் நீங்கலாக, பள்ளிகளை மாகாணங்களிடம் ஒப்படைத்தது. 2017இல் சப்பிரகமுவ மாகாண சபையின் காலம் முடிந்தது. பின்னர் ஆண்டுக்கணக்காகத் தேர்தலே நடக்கவில்லை. ஆளுநரும் நியமனம், பணிப்பாளரும் நியமனம்! இடையில் மக்களின் குரல் எங்கே?

தமிழில் கணிதமும் விஞ்ஞானமும் கற்பிக்க ஆளில்லை என்பது பழகிப்போன விடை. ஆளில்லையெனில், தெகியோவிட்ட வலயத்தில் வெற்றிடம் எத்தனை, பலாங்கொடையில் எத்தனை, நிவித்திகலையில் எத்தனை என்று தமிழில் அச்சிட்டுப் பள்ளிதோறும் ஒட்டுக! ஆண்டுக்கொரு முறை பெற்றோரைக் கூட்டி விடை கூறுக!

பறித்த கொழுந்தையும் எடுத்த ரப்பர்ப் பாலையும் நாள்தோறும் நிறுத்துக் கணக்கெழுதுகிறது தோட்டம். பிள்ளையின் கல்விக்கு மட்டும் கணக்கில்லையா? விஞ்ஞான ஆசிரியரைக் காணாமலே பள்ளிப் பருவம் கடந்த பிள்ளைக்கு, அந்த ஆண்டுகளை எந்தப் பணிப்பாளர் திருப்பித் தருவார்?