பட்டியலில் பெண்ணைக் காணோம்!

எய்ட்ஸ் என்றால் போதும், நம் தெருவில் ஆளாளுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். ஒருத்தி கொஞ்சம் இளைத்துவிட்டால், "அதுவாத்தான் இருக்கும்." ஒரு மாசம் விடாமல் இருமினால், "அவ புருஷன் லாரியில போறவன்தானே!" சர்க்கரை வியாதியிலும் உடம்பு இளைக்கும், தைராய்டிலும் இளைக்கும். சாதாரண காசநோய்க்கும் இருமல்தான். ரத்தப் பரிசோதனை செய்யாமல் முகத்தைப் பார்த்தே வியாதி சொல்கிற இந்த டாக்டரம்மாக்களுக்கு யார் பட்டம் கொடுத்தது?

டாக்டர்களிடமும் ஒரு பட்டியல் உண்டு. அது வேறு விதம். ஹெச்.ஐ.வி. கிருமி நுழைந்த அன்றைக்கே எய்ட்ஸ் வந்துவிடுவதில்லை. பல வருஷம் வெளியே ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். ரத்தத்தில் உள்ள சி.டி.4 என்ற அணுக்கள் குறையக் குறைய, மற்றவர்களை அண்டாத நோய்கள் கூட சமயம் பார்த்து உள்ளே நுழையும். உணவுக் குழாய் வரை பரவும் பூஞ்சை, ஒரு வகை நிமோனியா, மூளைக் காய்ச்சல், காசநோய் இப்படி. கிருமி இருப்பவருக்கு இவற்றில் ஒன்று வந்தாலோ, சி.டி.4 எண்ணிக்கை 200-க்குக் கீழே போனாலோ அதற்கு எய்ட்ஸ் என்று பெயர்.

இந்தப் பட்டியல் எப்படி உருவானது என்று படித்தபோதுதான் எனக்கு ஆத்திரமே வந்தது. 1981 ஜூன் மாதம் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 5 வாலிபர்களுக்கு வந்த நிமோனியாவைப் பற்றித்தான் முதல் அறிக்கை வெளியானது. அதன்பிறகு ஆண்களுக்கு என்னென்ன வந்ததோ, பெரும்பாலும் அவையே பட்டியலில் ஏறின. பெண்களுக்கும் இதே கிருமி வந்தது. ஆனால் அவர்களுக்கு அடிக்கடி வெள்ளைப்படுதல், அடிவயிற்றுத் தொற்று, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் என்று வந்தது. அதெல்லாம் பட்டியலில் இல்லை! அதனால் சாகக் கிடந்தவளுக்கும் "உனக்கு எய்ட்ஸ் இல்லை" என்று எழுதினார்கள். பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் அங்கே அரசாங்க உதவித் தொகையும் எளிதில் கிடைக்காது.

அந்தப் பெண்கள் சும்மா இருக்கவில்லை. 1990-ல் வீதிக்கு வந்தார்கள், கோர்ட்டில் வழக்கும் போட்டார்கள். அவர்களில் காட்ரினா ஹாஸ்லிப் என்பவர் நியூயார்க் சிறையில் இருந்தபோதே சக கைதிகளுக்கு இந்த நோயைப் பற்றிச் சொல்லிக் கொடுத்தவர். கடைசியில் 1993 ஜனவரி 1 முதல் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய், நுரையீரல் காசநோய், திரும்பத் திரும்ப வரும் நிமோனியா மூன்றையும் சேர்த்தார்கள். அதைப் பார்க்க காட்ரினா இல்லை. 1992 டிசம்பரிலேயே இறந்துவிட்டார். வெள்ளைப்படுதலும் அடிவயிற்றுத் தொற்றும் அப்போதும் அந்தப் பட்டியலில் ஏறவில்லை.

அமெரிக்கக் கதை நமக்கு எதற்கு என்று கேட்கலாம். இந்தியாவில் இந்தக் கிருமியை முதலில் கண்டறிந்ததே 1986-ல் சென்னையில்தான், அதுவும் பெண்களின் ரத்தத்தில். கண்டறிந்தவர்களும் டாக்டர் சுனிதி சாலமன், அவருடைய மாணவி நிர்மலா என்ற இரண்டு பெண்கள். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு நாம் இன்னும் வெள்ளைப்படுதலை "உடம்பு சூடு" என்று சொல்லி வெந்தயம் ஊறவைத்துக் குடித்துக் கொண்டிருக்கிறோம். வெள்ளைப்பட்டால் எய்ட்ஸ் என்று நான் சொல்ல வரவில்லை. முக்கால்வாசிப் பேருக்கு அது சாதாரணத் தொந்தரவுதான். ஆனால் மருந்து சாப்பிட்டும் திரும்பத் திரும்ப வந்தால் டாக்டரிடம் வாய் திறந்து சொல்ல வேண்டாமா? கணவருக்கு இருமல் என்றால் மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறோம். நமக்கென்றால் கஷாயம்!

காசநோய் விஷயமும் அப்படித்தான். ஹெச்.ஐ.வி. உள்ளவர்களின் உயிரை அதிகம் பறிப்பது அதுதான். அதனால்தான் காசநோய் என்று தெரிந்தவுடன் ஹெச்.ஐ.வி. பரிசோதனைக்கும் அனுப்புகிறார்கள். "என்னை என்னான்னு நெனச்சிட்டாங்க" என்று கோபித்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்புவதில் அர்த்தமே இல்லை. எல்லோருக்கும் செய்வதுதான் அது. அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்தில் காசு வாங்குவதில்லை. நம் சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கக்கூடாது, முடிவை ஊருக்குச் சொல்லக்கூடாது என்று 2017-ல் சட்டமே வந்திருக்கிறது. கிருமி இருந்தாலும் கூட்டு மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் அந்த எய்ட்ஸ் கட்டத்துக்கே போகாமல் ஆயுசோடு இருக்கலாம்.

ஹெச்.ஐ.வி. உள்ள பெண்ணுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 6 மடங்கு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 25 வயதிலிருந்தே 3 முதல் 5 வருஷத்துக்கு ஒருமுறை பரிசோதிக்கவும் சொல்கிறது. மாத்திரை வாங்க வருகிற அன்றைக்கே, அதே கட்டிடத்தில், எல்லா ஊரிலும் இந்தப் பரிசோதனையையும் முடித்து அனுப்ப அதிகாரிகள் ஏற்பாடு செய்யட்டும். இன்னொரு நாள் பஸ் காசும் மிச்சம், மாமியாரிடம் சொல்ல இன்னொரு பொய்யும் மிச்சம்.

- ஒரு வாசகி, தேனி மாவட்டம்