தாத்தா பிடித்த டாங்கி

ஸ்ரீவில்லிபுத்தூர் வரை போய்விட்டுப் பால்கோவா வாங்காமல் திரும்பினால் எங்கள் வீட்டில் வாசற்கதவு திறக்காது. ஆகவே அந்தக் கடமையை முதலில் முடித்துக்கொண்டு, பிறகுதான் செண்பகத்தோப்புக்குப் புறப்பட்டேன். மலையடிவாரத்தில், தோப்பு வீட்டில், என் பெரிய அத்தை இருக்கிறார். வயது 78. மாவடு போடும் பக்குவத்தை அவரிடம் கேட்டு வந்து இந்த வாரம் உங்களுக்கு எழுதுவதாக உத்தேசம்.

எழுதப் போவதோ இத்தாலிய யுத்த டாங்கிகளைப் பற்றி! முகம் சுளிக்காதீர்கள், சகோதரிகளே. டாங்கியில் தொடங்கினாலும், விஷயம் கடைசியில் உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டிக்குத்தான் வந்து சேரப் போகிறது.

அத்தை வீட்டுக் கூடத்தில் நுழைந்ததும் பையை மேஜைமேல் வைக்கப் போனேன். "அங்கே வச்சிடாதம்மா! பேரன் யுத்தம் நடத்திக்கிட்டிருக்கான்" என்று அத்தை குரல் கொடுத்தார். பார்த்தால், மேஜை முழுதும் பொடிப் பொடியாய்ப் பிளாஸ்டிக் துண்டுகள், பசைக் குப்பி, தையல் ஊசி, கண்மைச் சிமிழ் அளவில் வர்ணப் புட்டிகள். நடுவில், தலையைக் கவிழ்த்துக்கொண்டு 16 வயதுப் பேரன்.

டாங்கியின் மாதிரி ஒன்றை அவன் செய்துகொண்டிருந்தான். நிஜ டாங்கியில் 35-ல் ஒரு பங்கு அளவு. அது என்ன 35 என்று கேட்டேன். 1960-களின் தொடக்கத்தில் ஜப்பானில் தமியா கம்பெனி ஒரு ஜெர்மன் டாங்கி பொம்மை செய்தபோது, உள்ளே மோட்டாரும் பாட்டரியும் அடங்கும்படி அளவெடுத்தார்களாம். கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய 35-ல் ஒரு பங்கு வந்தது. அதுவே உலக வழக்காகிவிட்டது! நாலு மீட்டர் 92 சென்டிமீட்டர் நீளமுள்ள இத்தாலிய டாங்கி, இந்த அளவில் 14 சென்டிமீட்டர். ஒரு சாண்கூட இல்லை.

"இது யாருக்கு?" என்றேன்.

பையன் சுவரைக் காட்டினான். அங்கே என் தாத்தாவின் படம். அத்தைக்கு அப்பா, பையனுக்குப் பூட்டன். அரை நிக்கரும் தொப்பியுமாக, ஒரு டாங்கியின்மேல் கையை ஊன்றிக்கொண்டு நிற்கிறார். யுத்தத்தின்போது மதராஸ் சாப்பர்ஸ் படையில் இருந்தவர். பாலம் போடுவது, பாதை வெட்டுவது, பகைவன் புதைத்த கண்ணிவெடியை எடுப்பது எல்லாம் அந்தப் படையின் வேலை. அதில் எவ்வளவு ஆபத்து என்பதற்கு ஒன்று சொல்கிறேன். செங்கற்பட்டு ஜில்லாவிலிருந்து போன சுபேதார் சுப்பிரமணியம், 1944 பிப்ரவரி 24-ந் தேதி, இத்தாலியில் மிஞ்ஞானோ என்ற ஊருக்கு அருகே, கூட இருந்தவர்களைக் காப்பாற்றக் கண்ணிவெடியின்மேல் தாமே விழுந்து உயிர் நீத்தார். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் விருது அளித்தார்கள். அவரும் மதராஸ் சாப்பர்ஸ்தான்.

எங்கள் குடும்பத்தில் அந்தப் படத்துக்கு ஒரே வியாக்கியானம்: "ரோமலின் டாங்கியைத் தாத்தா பிடித்தபோது எடுத்தது." எந்தக் கல்யாணத்திலும் சம்பந்தி வீட்டார் காதில் இது விழாமல் இருந்ததில்லை. நானே பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொண்டிருக்கிறேன். வரும் ஆடி அமாவாசைக்குள் அந்த டாங்கியைச் செய்து அப்பத்தா கையில் கொடுத்துவிட வேண்டும் என்பது பையனின் ஆசை.

சாயங்காலம் அவன் என்னைத் தனியாக அழைத்தான். முகத்தில் களை இல்லை. "சித்தி, ஒரு தப்பு நடந்துபோச்சு" என்றான்.

என்ன தப்பு என்பது விளங்க, இத்தாலியர் டாங்கிக்குப் பெயர் வைத்த முறையை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எல் என்றால் லேசானது. எம் என்றால் நடுத்தரம். பி என்றால் கனமானது. அடுத்த எண் எத்தனை டன் என்று சொல்லும். அதற்கடுத்தது எந்த வருஷத்து மாதிரி என்பது. ஆக, எம் 13/40 என்றால் நடுத்தர ரகம், 13 டன், 1940-ம் வருஷத்தது. பையன் வாங்கிய பெட்டியில் இருந்தது இதுதான். இத்தாலிய டாங்கி என்றால் பெரும்பாலும் கிடைப்பதும் இதுவே.

இதன் பீரங்கி, மேலே சுழலும் கோபுரத்தில் இருக்கும். படத்தில் இருக்கும் டாங்கியின் கோபுரத்திலோ பீரங்கி இல்லை. இரண்டு இயந்திரத் துப்பாக்கிகள் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கின்றன. பீரங்கி கீழே, வண்டியின் உடம்பில், வலது பக்கமாகச் செருகியிருக்கிறது. அப்படியானால் அது எம் 13 அல்ல. அதற்கு மூத்தது, எம் 11/39. கழுத்தைத் திருப்ப முடியாத மனிதர் பக்கத்து வீட்டைப் பார்க்க உடம்பையே திருப்புவதுபோல, இந்த டாங்கியும் பீரங்கியைப் பக்கவாட்டில் அதிகம் திருப்ப வேண்டுமானால் வண்டியையே திருப்ப வேண்டும். இந்தக் குறையை உணர்ந்துதான் அடுத்ததில் பீரங்கியை மேலே ஏற்றினார்கள்.

இந்த ஒரு விவரத்துக்காக அந்தப் பிள்ளை இரண்டு மாதம் பாடுபட்டிருக்கிறான். லண்டன் யுத்த அருங்காட்சியகத்துப் படங்கள், ஆஸ்திரேலிய யுத்த நினைவகத்துப் படங்கள், நிக்கோலா பிஞ்ஞாத்தோ என்ற இத்தாலியர் எழுதிய நூல்களைப் பற்றிய குறிப்புகள் என்று கைபேசியிலேயே தேடிச் சேர்த்திருக்கிறான். அவன் எனக்கு நடத்திய பாடங்களில் சில உங்களுக்கும் உதவும்.

முதல் பாடம்: பெட்டிமேல் இருக்கும் சித்திரத்தை நம்பாதே. ஒரே பெயருள்ள டாங்கியிலும் முதலில் வந்தது வேறு, பின்னால் வந்தது வேறு. ஆரம்பத்து எம் 13-க்கு மட்கார்டு முழு நீளம், பிறகு குட்டையாக்கினார்கள், எம் 14-ல் மறுபடியும் முழு நீளம். ஆட்கள் ஏறும் கதவு எம் 13-ல் இடது பக்கம். பின்னால் வந்த எம் 15-ல் வலது பக்கம். புடவைக் கரையைப் பார்த்து எந்த ஊர்த் தறி என்று சொல்கிறீர்களே, அதைப் போலத்தான்.

இரண்டாவது: கைப்பற்றிய வண்டியின் படத்தைப் பார்க்கும்போது ஜாக்கிரதை. 1941 ஜனவரியில் டோப்ருக்கில் ஆஸ்திரேலியர் சில இத்தாலிய டாங்கிகளைத் தங்கள் உபயோகத்துக்கு எடுத்துக்கொண்டு, அவற்றின்மேல் பெரிதாக வெள்ளைக் கங்காரு வரைந்தார்கள். தம்முடைய ஆட்களே தம்மைச் சுட்டுவிடக் கூடாதே! அதைப் பார்த்து இத்தாலியர் கங்காரு வரைந்தார்கள் என்று எண்ணினால் எப்படி?

மூன்றாவது: கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் ஏமாற்றும். பழைய கல்யாணப் படங்களில் பாட்டிமார்களின் குங்குமப் பொட்டு கறுப்பாகத் தெரிவதைக் கவனித்திருப்பீர்கள். அந்தக் காலத்துப் பிலிம்களில் ஒரு ரகத்துக்குச் சிவப்பு தெரியாது, கறுப்பாகவே பதியும். இத்தாலிய டாங்கிகளில் எந்தக் கம்பெனி என்று காட்ட ஒரு சிறு நீள்சதுரம் தீட்டியிருப்பார்கள். முதல் கம்பெனிக்குச் சிவப்பு, இரண்டாவதற்கு நீலம், மூன்றாவதற்கு மஞ்சள், நாலாவதற்குப் பச்சை. உள்ளே வெள்ளைக் கோடுகள் எத்தனையோ, அத்தனையாவது பிளட்டூன். நிஜத்தில் 20 சென்டிமீட்டர் நீளம், 12 சென்டிமீட்டர் உயரம். மாதிரியில் அது ஒரு துவரம்பருப்பு அளவு. அந்தப் பருப்புக்குள் கோடு போடத்தான் பையன் தையல் ஊசியை எடுத்து வைத்திருக்கிறான்!

இனி, படம் சொன்ன கதைக்கு வருவோம்.

எம் 11 மொத்தம் செய்ததே 100. அவற்றில் 72 லிபியாவுக்கும், 24 கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் போயின. தாத்தாவின் டிஸ்சார்ஜ் காகிதத்தில் 12-வது பீல்டு கம்பெனி என்று இருக்கிறது. அது நாலாவது இந்திய டிவிஷனைச் சேர்ந்தது. அந்த டிவிஷன் இந்த டாங்கிகளை இரண்டு இடங்களில் சந்தித்தது. 1940 டிசம்பர் 9-ந் தேதி விடியற்காலையில், எகிப்தில் நிபெய்வா என்ற முகாமில், இருபதுக்கும் மேற்பட்ட எம் 11 டாங்கிகள் கிளம்புவதற்கு முன்பே பிடிபட்டும் அழிந்தும் போயின. அது மட்டமான பாலைவனம். பிறகு டிவிஷனை அப்படியே தெற்கே அனுப்பிவிட்டார்கள். 1941 ஜனவரி 31-ந் தேதி, எரித்ரியாவில் அகோர்தாத் என்ற ஊரில், பிரிட்டிஷ் மட்டில்டா டாங்கிகள் மறுபடியும் இவற்றை நொறுக்கின. மட்டில்டாவின் கவசம் 78 மில்லிமீட்டர் கனம். எம் 11-ன் கவசமோ 30 மில்லிமீட்டர்தான். அதற்கப்பால் கெரன் மலைகள். அங்கே மார்ச் 27-ந் தேதி வரை கடும் சண்டை.

தாத்தா படத்தில், டாங்கிக்குப் பின்னால் பாறை மலை ஒன்று எழும்பி நிற்கிறது. எகிப்துப் பாலைவனத்தில் அந்த மலை ஏது? எரித்ரியாவாகத்தான் இருக்க வேண்டும். ரோமல் ஆப்பிரிக்காவில் கால் வைத்ததோ 1941 பிப்ரவரி 12-ந் தேதி. அதுவும் திரிப்போலியில், மறு கோடியில்! ஆக, அது ரோமலின் டாங்கியும் இல்லை. ஜெர்மன் டாங்கியும் இல்லை. தாத்தா அதைப் பிடித்தது என்னவோ வாஸ்தவம். கையால் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"அப்பத்தா மனசு உடைஞ்சிடும், சித்தி. பேசாம எம் 13-ஐயே ஒட்டி வச்சிடட்டுமா? யாருக்குத் தெரியப் போகுது?" என்றான் பையன்.

நான் கொஞ்சம் யோசித்தேன். யோசித்துவிட்டு, "அப்படியே செய்துவிடு" என்றேன். பத்திரிகையில் உத்தியோகம் பார்ப்பவள் சொல்லக்கூடிய வார்த்தையா அது? ஆனால் 78 வயதில் ஒருவரிடம் போய், நீங்கள் ஆயுள் முழுதும் சொன்னது தப்பு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

அத்தைக்குக் கண் மங்கினாலும் காது மங்கவில்லை. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு வெற்றிலையைத் துடைத்தபடியே, "அந்த டாங்கியில என்ன குறை? ரெண்டு பேரும் மாடிப்படியில நின்னு குசுகுசுன்னு பேசினீங்களே?" என்று கேட்டுவிட்டார்.

பையன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். பீரங்கி, மலை, தேதி, ரோமல் எல்லாவற்றையும். நான் தலை நிமிரவில்லை.

அத்தை வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "ரோமல்னு எங்க அப்பா சொன்னதே கிடையாது. அது எங்க சித்தப்பா கட்டிவிட்டது. கேக்க நல்லாயிருந்துச்சு, நானும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்" என்றார்.

"தாத்தா என்னதான் சொல்வார், அத்தை?"

"ஒண்ணே ஒண்ணுதான். மழை பெய்ஞ்சு இந்த ஓடையில தண்ணி வரும் பாரு, அப்போ இந்தத் திண்ணையில உக்காந்து மலையைப் பாத்துக்கிட்டே சொல்வார். 'அங்கேயும் ஒரு மலை. மடக்குத் தண்ணி கிடையாது. கீழேயிருந்து தோளிலே சுமந்துக்கிட்டு ஏறினோம்'னு. நான் அப்போ எட்டாம் வகுப்பு. 'ஆப்பிரிக்கா பாலைவனம்னு டீச்சர் சொல்லியிருக்காங்க, அங்கே மலை ஏதுப்பா? உங்களுக்கு எல்லாம் மறந்துபோச்சு'ன்னேன். அதுக்கப்புறம் அவர் அதைச் சொல்றதையே விட்டுட்டார்."

கெரன் மலைகளில் சிப்பாய்களுக்குத் தண்ணீரும் தோட்டாவும் கீழேயிருந்து ஆட்கள்தாம் சுமந்து ஏற்ற வேண்டியிருந்தது என்று பையன் மெதுவாகச் சொன்னான்.

"அப்போ அவர் சரியாத்தான் சொல்லியிருக்கார்" என்றார் அத்தை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பேரனைப் பார்த்து, "அந்தப் பீரங்கி எங்கே இருந்துச்சோ அங்கேயே வைடா" என்றார்.

மறுநாள் காலையில் வேலை மும்முரமாயிற்று. அடிச்சட்டமும் சக்கரங்களும் எம் 11-க்கும் 13-க்கும் பெரும்பாலும் ஒன்றே. ஆகவே வாங்கியது வீண்போகவில்லை. நீளத்தில் மட்டும் அரை சென்டிமீட்டர் குறைக்க வேண்டும். மேல்பாகத்தைப் பிளாஸ்டிக் தகட்டில் புதிதாக வெட்டுகிறான். இத்தாலியர் தகடுகளை ரிவிட் அடித்துச் சேர்த்தவர்கள்; அந்த ரிவிட் தலைகளுக்கு ஊசி முனையில் பசையைத் தொட்டுப் புள்ளி வைக்க வேண்டும். புள்ளி வைக்க நமக்குச் சொல்லித் தர வேண்டுமா? பையனின் அம்மா அதை ஏற்றுக்கொண்டிருக்கிறார். படத்தில் டாங்கியின் பின்புறம் சுருட்டிக் கிடக்கும் வலைக்கு, ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யும் பாண்டேஜ் துணி இருக்கவே இருக்கிறது. பசைத் தண்ணீரில் நனைத்துச் சுருட்டினால் அசல் வலைதான்!

இப்போது உங்கள் டிரங்குப் பெட்டி. அதைத் திறந்து பழைய படங்களை வெளியே எடுங்கள். ஆள் முகத்தை மட்டும் பார்க்காதீர்கள். பின்னால் தெரியும் மலை, மரம், வண்டி, பெயர்ப்பலகை எல்லாவற்றையும் பாருங்கள். அவர்தான் சொன்னார் என்று நாலு பேர் சொல்வதையும், அவரே சொன்னதையும் தனித்தனியாகக் குறித்து வையுங்கள். படத்தின் பின்புறத்தில் யார், எங்கே, எப்போது என்று பென்சிலால் லேசாக எழுதுங்கள். பேனா மை ஊறிப் படத்தைக் கெடுக்கும். சட்டத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்த்து எடுக்க வேண்டாம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இன்றைக்கே உட்கார்ந்து கேளுங்கள். அவர்கள் சொல்வது புத்தகத்துக்கு ஒத்து வரவில்லையென்றால், உடனே திருத்திவிடாதீர்கள்.

மாவடு? கேட்க மறந்தே போயிற்று. ஆடி அமாவாசைக்குப் போகும்போது கேட்டு வந்து எழுதுகிறேன்.