பேச்சும் செவியும் பேணுந் தொழில்

க.பொ.த. உயர்தரப் பரீட்சை முடிவுகள் வெளிவந்ததும் நம் இல்லங்களில் எழும் வினா ஒன்றே: மருத்துவமா, பொறியியலா? இரண்டுக்கும் புள்ளி போதாதாயின், பிள்ளையின் எதிர்காலமே இருண்டுவிட்டதெனப் பெற்றோர் கலங்குகின்றனர். மருத்துவராகாமலே நோயாளர்க்குத் துணைநிற்கும் தொழில்கள் பல உள. அவற்றுள் நம்மவர் அதிகம் அறியாத ஒன்றை இவ்வாரம் எடுத்துக்கொள்வோம்.

திக்கிப் பேசுவோர், அண்ணப் பிளவோடு பிறந்த குழந்தைகள், பேசும் வயது வந்தும் பேசாத பிள்ளைகள், பாரிசவாதத்தாற் பேச்சிழந்த முதியோர் ஆகியோர்க்குப் பயிற்சியளிப்பவர் பேச்சுச் சிகிச்சையாளர். உணவை விழுங்க இயலாது தவிப்போர்க்கு உதவுவதும் அவர் பணியே. செவிப்புலனை அளந்து, ஏற்ற கருவியைத் தெரிந்து பொருத்தி, அதன் பின்னரும் கண்காணித்து வருபவர் கேட்டலியலாளர்.

இத்தொழிலுக்குத் தேவை உண்டா? உலகில் 43 கோடிக்கு மேற்பட்டோர்க்குச் செவிப்புலன் சார்ந்த மறுவாழ்வுச் சிகிச்சை வேண்டியிருக்கின்றதென உலக சுகாதார நிறுவனம் 2021 ஆம் ஆண்டு அறிக்கையிற் கூறியது. இத்தொகை 2050 இல் 70 கோடியைக் கடக்கும் என்பதும் அதன் மதிப்பீடு. அரசாங்க வைத்தியசாலைகள், தனியார் மருத்துவமனைகள், விசேட கல்விப் பாடசாலைகள், செவிப்புலன் கருவி நிலையங்கள் ஆகியன இவர்கள் பணிபுரியும் இடங்கள். ஆயினும் ஒன்றை மறைத்தல் தகாது. தேவை பெருகுவதால் மட்டும் அரசாங்க நியமனம் கிட்டிவிடாது. அது அனுமதிக்கப்பட்ட பதவிகளின் தொகையைப் பொறுத்தது. வெளிநாடு செல்ல விழைவோரும் அந்நாட்டின் தொழிற் பதிவைப் பெற்றாக வேண்டும்.

தமிழ் மாணவர்க்கு இத்தொழிலில் ஒரு தனிச் சிறப்புண்டு. எலும்பு முறிவைக் காட்டும் கதிர்ப்படத்திற்கு மொழி இல்லை; பேச்சுச் சிகிச்சைக்கோ மொழியே கருவி. ‘மழை’யை ‘மளை’ என உச்சரிப்பது நம்மூர்ப் பேச்சு வழக்கு. அதனைக் குறையெனக் கொள்ளலாகாது. ஆனால் ஐந்து வயதிலும் ‘கை’ என்பதைத் ‘தை’ என்றே கூறும் பிள்ளைக்கு உதவி வேண்டும். இவ்வேறுபாட்டை நூலறிவொன்றால் உணர்தல் அரிது; அம்மொழியிலே பேசி வளர்ந்த செவிக்கு அது எளிது. பேச்சிழந்த பாட்டியாரிடம் மீண்டும் சொற்களை வரவழைக்க வேண்டுமாயின், அவர் அடுக்களையிலும் கோயிலிலும் வழங்கிய சொற்களைக்கொண்டே தொடங்கவேண்டும். மொழிபெயர்ப்பாளர் ஒருவரை இடையில் நிறுத்தி இதனைச் செய்வது எத்துணை கடினம்!

இதற்கான வழி யாது? களனிப் பல்கலைக்கழகத்தின் ராகம மருத்துவ பீடத்தில் பேச்சு, கேட்டல் விஞ்ஞானத்துக்கான நான்காண்டுப் பட்டப்படிப்பு உண்டு. அதற்கு வேண்டிய பாடங்களையும் தகைமைகளையும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அவ்வாண்டுக் கைநூலிற் பார்த்து, விருப்பப் பட்டியலில் உரிய இடத்திற் குறித்தல் வேண்டும். இந்தியாவில் 1965 இல் மைசூரில் நிறுவப்பெற்ற அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனம் பெயர்பெற்றது; சென்னையிலும் இக்கல்வியைப் பெறலாம். பிறநாட்டுப் பட்டம் இலங்கையில் ஏற்கப்படுமா என்பதைப் புறப்படுமுன்னரே விசாரித்துக்கொள்வது அறிவுடைமை.

பயிலும் மொழி ஆங்கிலம். ஆதலால் பாடசாலையிலேயே அதனை நன்கு கற்றல் நன்று. பொறுமையற்றோர்க்கு இத்தொழில் ஏற்றதன்று. ஒரு சொல்லை வரவழைக்க வாரங்கள் பல கழியலாம்.

பெற்றோர்க்கும் ஒரு வார்த்தை. குழந்தையின் செவியைப் பிறந்து ஒரு மாதத்துக்குள் சோதித்து, குறையிருப்பின் மூன்று மாதத்துக்குள் உறுதிசெய்து, ஆறு மாதத்துக்குள் சிகிச்சையைத் தொடங்குதல் வேண்டுமென்பது வல்லுநர் வகுத்த நெறி. ‘நாளடைவிற் பேசுவான்’ என வீட்டார் காத்திருக்கும் காலம் மீளாத காலம். அக்குடும்பத்தாரிடம் அவர்தம் மொழியிலேயே இதனை எடுத்துரைக்க ஊர்தோறும் ஒருவர் வேண்டும். அவ்விடத்தை நிரப்ப நம் மாணவர் சிலராவது முன்வருவாராக.